குண்டு மரியோ

திண்டுக்கல்லில் மரியோ கொஞ்சம் குண்டு. டோக்கியோவில் அப்படி இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. தொண்ணூறுகளில் நாகல் நகரிலும் வேடசந்தூரிலும் சின்னாளப்பட்டியிலும் டிவி கேம் ஆடிய பிள்ளைகள் கண்ட மரியோ, ஜப்பானியப் பிள்ளைகள் கண்டவரைவிட உடல்வாகில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அகலம். ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு மந்தம். கேசட்டுக்குள் இருந்த விளையாட்டு அதேதான், ஓர் எண்கூட மாறவில்லை. ஆளை மாற்றியது டிவி பெட்டி.

பழைய விளையாட்டுகளைப் புதுத் திரையில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் முகம் சுளிக்கிறார்கள். "இவ்வளவு கட்டம் கட்டமாகவா இருந்துச்சு? அப்போ நல்லாத்தானே இருந்துச்சு!" பிறகு, வயதாகிவிட்டது, ஞாபகம்தான் மெருகேற்றிக் காட்டுகிறது என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். ஞாபகத்தின் மேல் பழிபோட வேண்டாம். அன்று பார்த்த படம் நிஜமாகவே வேறு.

விளையாட்டுப் பெட்டியின் நினைவகத்தில் இருப்பதைப் படம் என்று சொல்ல முடியாது. எந்த வரிசையில், எத்தனையாவது இடத்தில், என்ன நிறம் என்ற எண்களின் பட்டியல் அது. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம், குறுக்காக 256, நெடுக்காக 240 என்று புள்ளிகளை அடுக்கியது. நம் பக்கம் வந்தவை பெரும்பாலும் அதன் போலிகள். 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா' என்று பெயர் தாங்கியவை உண்டு. பெயரே இல்லாதவையும் உண்டு. ஒரே கேசட்டில் 9999 விளையாட்டு என்று கூசாமல் அச்சிட்டிருப்பார்கள். பட்டியலில் கொஞ்ச தூரம் இறங்கினால் பார்த்த விளையாட்டே மறுபடி வரும். எந்தப் பெட்டியானாலும் எண்களைப் படமாக்கும் வேலையை டிவியிடமே விட்டுவிட்டது. ஒரு புள்ளி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு சிப்பில் விடை கிடையாது.

டிவியோ நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்.டி.எஸ்.சி. முறை: 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 60 தடவை. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது இந்தியா எடுத்துக்கொண்டது பி.ஏ.எல். முறை: 625 வரி, நொடிக்கு 50 தடவை. கொடைக்கானல் மலைமேல் இருக்கும் தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருந்த திண்டுக்கல் வீடுகளில் இருந்தவை இந்த ரகப் பெட்டிகளே.

ஒவ்வொரு தடவையும் டிவி மொத்த வரிகளில் பாதியைத்தான் எழுதும். அதிலும் கண்ணுக்குத் தெரிபவை ஜப்பானில் சுமார் 240, நம்மிடம் 288. ஃபேமிகாம் தருவது 240 வரி. அங்கே அது திரையை மேலிருந்து கீழ்வரை நிரப்பிவிடும். இங்கே 48 வரி மிச்சம் விழுந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டையாக நிற்கும். அதே உயரத்துத் திரையில் கூடுதல் வரிகளை அடைத்ததால் ஒவ்வொரு வரியும் குட்டை. அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஜப்பானிய டிவியில் ஒரு புள்ளி உயரத்தைப் போல 1.14 மடங்கு அகலம், பி.ஏ.எல். டிவிக்கென்று செய்த பெட்டியில் 1.39 மடங்கு. காளானைத் தின்று வளர்வதற்கு முந்தைய சின்ன மரியோ 12 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். டோக்கியோவில் அவர் 16-க்கு 13.7 என்ற அளவில் நிற்பார். திண்டுக்கல்லில் 16-க்கு 16.6. அதாவது உயரத்தைவிட அகலம் கூடின ஆள்.

கறுப்புப் பட்டை பிடிக்காதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் 'வெர்ட்டிகல் சைஸ்' திருகைத் திருகச் சொன்னால் மரியோ நிமிர்ந்துவிடுவார். ஆனால் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனின் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' வரும்போது கதாநாயகியின் தலைப்பூ திரைக்கு மேலே போய்விடும்.

வேகக் கதையும் இதே ஊற்றிலிருந்து வருவது. அந்தக் கால விளையாட்டுகளுக்குத் தனிக் கடிகாரம் இல்லை. திரை ஒருமுறை எழுதப்பட்டால் ஓர் அடி எடுத்து வை என்பதே விதி. நொடிக்கு 60 என்று நினைத்து எழுதிய நிரலை 50 தடவை எழுதும் டிவியோடு பூட்டினால், ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டம் 72 நொடி இழுக்கும். பாட்டின் சுருதி பெரிதாகக் கெடாது, தாளம் மட்டும் தளர்ந்திருக்கும். இன்று கணினியில் எமுலேட்டர் (பழைய பெட்டியைப் போல நடிக்கும் நிரல்) போட்டு ஆடுகிறவர்களில் பலர் "மரியோ ஏன் இப்படி விரட்டுது, எனக்குத்தான் கை ஓடலையா?" என்கிறார்கள். எமுலேட்டர்கள் சும்மா விட்டால் ஜப்பான், அமெரிக்க வேகத்தில் ஓடுபவை. 1992 முதல் ரஷ்யாவில் விற்ற 'டெண்டி' என்ற போலிப் பெட்டியின் பெயரில் சில எமுலேட்டர்களில் ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் நாகல் நகர் வேகம் திரும்பிவிடும்.

இவ்வளவும் வடிவமும் வேகமும் பற்றி. புள்ளியின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வேண்டும்.

14 அங்குல டிவியின் குழாய் சுமார் 21 சென்டிமீட்டர் உயரம். அதில் 288 வரி என்றால் ஒரு வரிக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விளையாட்டின் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளியே தெரியாது. தெரிவதெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிற்கும் மெல்லிய பாஸ்பர் கீற்றுகள். சாதாரண வீட்டு டிவிகளில் மூன்று நிறமும் சேர்ந்த ஒரு தொகுதியே அரை மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே ஒரு புள்ளிக்கு இரண்டு தொகுதி கிடைத்தால் பெரிது. சதுரத்துக்கு அங்கே இடமே இல்லை.

தூர்தர்ஷன் படத்தில் ஒரு தடவை எழுதிய வரிகளுக்கு இடையே அடுத்த தடவை வரிகள் வந்து உட்காரும். விளையாட்டுப் பெட்டி அந்த அரை வரி நகர்வைச் செய்யாது. ஒவ்வொரு தடவையும் எழுதிய இடத்திலேயே எழுதும். அதனால் வரிக்கும் வரிக்கும் நடுவே எழுதப்படாத கோடு ஒன்று எப்போதும் இருட்டாகக் கிடக்கும். ஆனால் சீரான இருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. வரியை எழுதும் எலெக்ட்ரான் கற்றை நடுவில் பிரகாசம், ஓரத்துக்குப் போகப் போக மங்கல். நிறம் வெளிச்சமாக இருந்தால் கற்றை பருத்து இருட்டுக் கோட்டை ஏறக்குறைய மூடிவிடும். மங்கலான நிறத்தில் மெலிந்து கோடு துலங்கும். மரியோவின் வானத்து மேகம் வழவழவென்று தெரிந்ததும், பாதாளக் கட்டத்தில் செங்கல் வரி வரியாகத் தெரிந்ததும் இதனால்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைத் துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி அவிழ்க்கும்போது கிடைக்கும் புள்ளியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அந்தப் புள்ளிக்குக் கோடு கிழித்த எல்லை கிடையாது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் சாயம் ஊறி மெல்ல மறையும். பிக்சர் டியூபின் புள்ளியும் அப்படியே. பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்வி ரே ஸ்மித் 1995-இல் 'பிக்சல் என்பது குட்டிச் சதுரம் இல்லை' என்ற பொருளில் ஒரு குறிப்பே எழுதினார். அவர் வாதம் கணிதம் சார்ந்தது: பிக்சல் என்பது ஓர் இடத்தில் எடுத்த அளவு; அதற்கு வடிவம் கொடுப்பது காட்டும் கருவி. எண்பதுகளில் விளையாட்டுக்குப் படம் வரைந்தவர்கள் இந்தக் கணிதம் படித்தார்களோ இல்லையோ, டிவியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தார்கள். எங்கே கசியும், எங்கே கலக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

கலப்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். சேகா நிறுவனத்தின் 1991-ஆம் ஆண்டு 'சோனிக்' விளையாட்டில் ஓர் அருவி வரும். அதை ஒரு கோடு விட்டு ஒரு கோடு என்று செங்குத்துக் கோடுகளாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோடுகள் உண்டாக்கும் அலைவு நொடிக்குச் சுமார் 33 லட்சம். அமெரிக்க டிவியில் நிறத்தைச் சுமக்கும் அலை நொடிக்குச் சுமார் 36 லட்சம். இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதால், நிறத்தைத் தனியே பிரிக்கும் வடிகட்டி கோடுகளையும் சேர்த்துக் கரைத்துவிடும்; பின்னால் இருப்பது தெரியும் கண்ணாடித் தண்ணீர் கிடைத்துவிடும். இந்திய டிவியில் நிற அலை 44 லட்சம், சற்றுத் தள்ளி நிற்கிறது. அதனால் இங்கே கரைசல் அவ்வளவு முழுமையாக இராது. புது எல்.சி.டி. திரையிலோ கரைவதே இல்லை. அருவி கம்பி போட்ட ஜன்னலாக நிற்கும். ஓவியர் வரைந்தது தண்ணீரை. நாம் பார்ப்பது அவர் அதற்குக் கட்டிய சாரத்தை.

தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. உலகம் பிக்சர் டியூபைக் கைகழுவத் தயாரான நேரத்தில்தான் அது இங்கே குடிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் செய்த 14 அங்குலப் பெட்டிகள், சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேல். உலகச் சந்தையில் எல்.சி.டி. டிவி விற்பனை பிக்சர் டியூபை முந்தியது 2007 இறுதியில். பிறகு 2011-இல், அதே செப்டம்பர் 15 அன்று, அடுத்த ஆட்சியில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி. (திண்டுக்கல் தனி மாவட்டமானதும் 1985-இல் இதே தேதிதான். அண்ணா பிறந்தநாளுக்கு நம் அரசியலில் அவ்வளவு வேலை.) ஆக, நத்தம் பக்கத்து வீடொன்றில் ஐந்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு திரைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, புள்ளியைக் கசிய விட்டுக் காட்டும் குழாய். மற்றது, அந்தக் கால மலிவு மடிக்கணினிகளுக்கே வழக்கமான 1366-க்கு 768 என்று கட்டங்கள் நிரந்தரமாகப் பதிந்த எல்.சி.டி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அந்த மடிக்கணினியில் முதலில் ஏற்றியவற்றில் 'டேவ்' நிச்சயம் இருந்திருக்கும்.

டேவை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. 'டேஞ்சரஸ் டேவ்' விளையாட்டை எழுதியவர் ஜான் ரொமேரோ. டாஸ் கணினிக்கு அது வந்தது 1990-இல், சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தின் வழியாக. பிற்பாடு 'டூம்' எழுதி உலகப்புகழ் பெற்றவர்களில் ரொமேரோவும் ஒருவர். ஆனால் இந்தியக் கணினி மையங்களில் டேவ் அடைந்த புகழ் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. தங்கக் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்பது ஒரு தலைமுறைக்கு மனப்பாடம்.

டேவ் ஓடும் திரை 320-க்கு 200. அதை அப்படியே சதுரக் கட்டங்களில் போட்டால் 16-க்கு 10 என்ற அகன்ற படம் வரும். ஆனால் அன்றைய மானிட்டர் 4-க்கு 3. படம் மேலும் கீழும் இழுபட்டுத்தான் அதை நிரப்பியது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைப் போல 1.2 மடங்கு உயரம். ஃபேமிகாமில் நடந்ததற்கு நேர் எதிர். டிவியில் குண்டான ஆட்கள், கணினி மையத்தில் ஒல்லி. இந்த 1.2-ஐ விட்டுவிட்டு ஓட்டினால் டேவும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' இளவரசனும் மண்டையில் தட்டி அமுக்கியவர்களாகத் தெரிவார்கள். வேறு எந்த நுணுக்கமும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது சரிசெய்துவிட வேண்டும். டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை அணைத்துவிட்டு விளையாடிப் படம் பிடித்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அமைப்பைப் போட்டதும் அடுத்த சிக்கல் தலைகாட்டும். அந்த மடிக்கணினியின் 768 வரிகளில் டேவை 960-க்கு 720 என்று விரிப்பதாக வைத்துக்கொள்வோம். அகலத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று கட்டம், பிசகில்லை. உயரத்தில் ஒரு புள்ளிக்கு 3.6 கட்டம். எல்.சி.டி.யில் அரைக் கட்டம், முக்கால் கட்டம் என்று எரிய வைக்க முடியாது. ஐந்து வரிசைக்கு 18 கட்ட வரிசை வருகிறது. மூன்று வரிசைகளுக்கு நான்கு நான்கு, இரண்டுக்கு மூன்று மூன்று என்று பகிர வேண்டியதாகிறது. விளைவு டேவின் சிவப்புச் செங்கலில் தெரியும். ஒரு பூச்சுக்கோடு தடிப்பு, அடுத்தது மெலிசு. முழு எச்.டி. மானிட்டரில் இன்னும் மோசம்: 1440-க்கு 1080 என்று விரித்தால் அகலத்தில் 4.5, உயரத்தில் 5.4. படம் அசையாமல் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நகரும் விளையாட்டு என்றால், ஒவ்வொரு செங்கலும் நகர நகரப் பருத்தும் இளைத்தும் கண்ணைக் கூசவைக்கும்.

இதற்கு இரண்டு பழைய வைத்தியங்கள். ஒன்று, முழு எண் மடங்கு மட்டுமே விரிப்பது, மிச்ச இடம் கறுப்பாகக் கிடக்கட்டும் என்று விடுவது. 320-க்கு 200-ஐ அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஆறு மடங்கு விரித்தால் 1600-க்கு 1200. விகிதமும் சரி, கட்டங்களும் சமம். அந்த அளவுள்ள மானிட்டர்கள் ஒரு காலத்தில் இருந்தன, இன்று அரிது. இன்றைய 2560-க்கு 1440 திரையில் ஆறும் ஏழும் போட்டால் 1920-க்கு 1400. விகிதம் 1.2-க்குப் பதில் 1.17, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மற்ற வைத்தியம், பக்கத்துக் கட்டங்களோடு நிறத்தைக் கலந்து மழுப்புவது. வீடியோவுக்கு அது சரி. டேவுக்கு அது மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபின் பார்க்கும் காட்சி.

நடுவழி ஒன்று இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தம். முதலில் படத்தை முழு எண் மடங்காகத் தேவைக்கு மேல் விரித்துவிட்டு, பிறகு வேண்டிய அளவுக்குச் சற்றே சுருக்கும்போது மட்டும் நிறத்தைக் கலப்பது. கலப்பு புள்ளிகளின் விளிம்போடு நின்றுவிடும். நடுப்பகுதி சுத்தமாக இருக்கும். எல்லாப் பூச்சுக்கோடும் ஒரே தடிமனாகத் தெரியும். இலவச மடிக்கணினியின் சாதாரண கிராஃபிக்ஸ் சிப்புக்கும் இது பெரிய சுமையில்லை.

இன்னொரு கட்சி உண்டு. கட்டமே தெரியக் கூடாது, மூலையெல்லாம் வளைய வேண்டும் என்பவர்கள். லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் எரிக் ஜான்ஸ்டன் 1992 வாக்கில் எழுதிய விதி அதற்கு முன்னோடி: ஒரு புள்ளியை நான்காகப் பிரி, மேலே இருப்பதும் இடப்புறம் இருப்பதும் ஒரே நிறமானால், இடது மேல் மூலைக்கு அந்த நிறத்தைக் கொடு, மற்ற மூலைகளுக்கும் அப்படியே. நாலு வரி நிரல், படிக்கட்டாக இருந்த சாய்கோடு சட்டென்று சீராகிவிடும். 2001-இல் ஆந்த்ரேயா மாட்சொலெனி இதையே ஸ்கேல்2எக்ஸ் என்று எழுதினார். 2011-இல் கோப், லிஷின்ஸ்கி இருவரும் புள்ளி ஓவியத்தை முழுக்க வளைகோடுகளாக மாற்றும் ஆய்வைச் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வைத்தார்கள். மூளைக்கு நல்ல தீனி. ஆனால் எட்டுப் புள்ளியில் கண், மூக்கு, மீசை என்று எதைச் சொல்லி எதை விடுவது என ஓவியர் எடுத்த முடிவை நிரல் தன் ஊகத்தால் நிரப்புகிறது. மரியோவின் மீசை எனக்கு மீசையாகவே இருக்கட்டும். உருகிய மெழுகு வேண்டாம்.

மூன்றாவது கட்சி இப்போது பெருத்துவிட்டது: பழைய குழாயையே கணக்கிட்டு வரைவது. கற்றையின் பருமன், இருட்டுக் கோடு, பாஸ்பர் கீற்று, கண்ணாடியின் வளைவு எல்லாவற்றையும் ஷேடர் என்ற சிறு நிரலால் ஒவ்வொரு நொடியும் 60 தடவை கணக்கிடுவார்கள். திமதி லாட்டெஸ் எழுதியது புகழ்பெற்ற ஒன்று, 'சி.ஆர்.டி. ராயல்' இன்னொன்று. இதற்குத்தான் 4கே திரை உபயோகம். 240 வரிகளில் ஒவ்வொன்றுக்கும் முழு எச்.டி.யில் நான்கரைக் கட்டம்தான் கிடைக்கும். நடுவில் பிரகாசம், ஓரத்தில் மங்கல் என்ற வளைவை நான்கு கட்டத்தில் வரைவது எப்படி? 4கே-யில் ஒரு வரிக்குச் சரியாக ஒன்பது. தாராளம். ஒரே கஷ்டம் வெளிச்சம். பாதி இடத்தை இருட்டாக்கினால் பாதி ஒளி போச்சு, கீற்றுகளை வரைந்தால் இன்னும் கொஞ்சம் போகும். மங்கலான மலிவு மானிட்டரில் பகல் நேரத்தில் இது எடுபடாது.

இந்தக் கட்சியில் ஒரு தவறு தொற்றாகப் பரவியிருக்கிறது. பழைய விளையாட்டு என்றாலே வரி வரியாக இருட்டுக் கோடு போட்டுவிடுகிறார்கள், டேவ் உட்பட. கணினி மையத்து மானிட்டரில் அந்தக் கோடே கிடையாது. ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறையில் மானிட்டர் டிவியைப் போல இரு மடங்கு வேகத்தில் வரி எழுதும். டிவி வேகத்துக்கு இறங்கி வர அதற்குத் தெரியாது. 200 வரிப் படத்தை அதில் காட்ட, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை எழுதி 400 ஆக்கினார்கள், நொடிக்கு 70 தடவை. இரட்டித்த வரிகள் ஒட்டி உட்கார்ந்து இடைவெளியை மூடிவிட்டன. மானிட்டரின் பாஸ்பர் புள்ளிகளும் டிவியுடையதில் பாதி அளவு, சுமார் 0.28 மில்லிமீட்டர். ஆகவே வி.ஜி.ஏ. மானிட்டரில் டேவ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தான், மூலைகள் மட்டும் லேசாக மழுங்கியிருக்கும். வீட்டு டிவியில் ஆடியதற்கு ஒரு கண்ணாடி, மையத்தில் ஆடியதற்கு வேறு கண்ணாடி. டாஸ்பாக்ஸின் புதிய கிளையான 'ஸ்டேஜிங்' இதைப் புரிந்துகொண்டு, விளையாட்டு எந்தத் திரை முறையைக் கேட்கிறதோ அதற்கேற்ற ஷேடரைத் தானே மாட்டுகிறது.

அசைவுக்கு வருவோம். டூம் நொடிக்கு 35 படம் தரும், 70-இல் சரிபாதி. பழைய மானிட்டரில் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வந்துபோகும். 60 தடவை எழுதும் இன்றைய திரையில் ஏழு படத்தைப் பன்னிரண்டு இடத்தில் பரப்ப வேண்டும்: ஐந்து படம் இரண்டு தடவை, இரண்டு படம் ஒரே தடவை. ஓட்டத்தில் ஒரு தடுக்கல். நம்மூர் 50 மரியோவை 60-இல் போட்டாலும் நொடிக்குப் பத்துத் தடவை இப்படித் தடுக்கும். மருந்து எளிது. டிவியிலும் பல மானிட்டர்களிலும் 50 என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கும். படம் வந்தபோது மட்டும் திரையைப் புதுப்பிக்கும் மாறுவேக மானிட்டர் இருந்தால் 70-உம் சரி, 50-உம் சரி.

இன்னொரு குறை இதைவிட நுட்பம். மரியோ முழு வேகத்தில் ஓடும்போது பின்னணி ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி நகரும். குழாயில் பாஸ்பர் ஒரு கணம் மின்னி அணைந்துவிடும். மீதி நேரம் இருட்டு. கண் ஓட்டத்தோடு நகர்ந்தாலும் செங்கல் கூர்மையாகவே பதியும். எல்.சி.டி. ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை அணைக்காமல் வைத்திருக்கிறது. கண் நகர்கிறது, படம் நிற்கிறது. அந்த இரண்டரைப் புள்ளியும் விழித்திரையில் இழுவிவிடும். கேமராவில் எடுத்துப் பார்த்தால் அகப்படாது, ஏனென்றால் குற்றம் நடப்பது கண்ணுக்குள். 100, 120 தடவை எழுதும் மானிட்டரில் ஒரு படம், ஒரு கறுப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினால் இழுவல் பாதியாகும், கூடவே வெளிச்சமும்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகக் காத்திருக்கும் இலவச டிவி இன்றைக்கும் சரியான கருவி. பின்பக்கம் மஞ்சள் ஏ.வி. துளை இருந்து, படம் நடுங்காமல் நின்றால் போதும். சந்தையில் கிடைக்கும் மலிவான எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி. டப்பாவை வாங்கி மாட்டினால் ஏமாற்றம்தான்: அது தூர்தர்ஷன் பாணியில் அரை வரி நகர்த்தி எழுதும், இருட்டுக் கோடு மறைந்து படம் படபடக்கும். ராஸ்ப்பெர்ரி பை கணினிகளில் நான்காம் பதிப்பு வரை ஏ.வி. வெளியீடு பலகையிலேயே இருக்கிறது. வரியை நகர்த்தாமல் அதே இடத்தில் எழுதும் பி.ஏ.எல். முறையும் அவற்றில் பலவற்றுக்குத் தெரியும். எமுலேட்டரில் டெண்டி, நொடிக்கு 50, எந்த ஷேடரும் இல்லாமல். படம் ஓரத்தில் வெட்டுப்பட்டாலோ சாய்ந்தாலோ பின்மூடியைத் திறந்து கை வைக்க வேண்டாம். குழாயின் நேர்முனையில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். அதற்கு டிவி மெக்கானிக் வேண்டும். அவர் வந்தால் அந்த 'வெர்ட்டிகல் சைஸ்' திருகையும் பார்த்துவிடச் சொல்லலாம், இப்போது 'ஒளியும் ஒலியும்' வருவதில்லை.